பின்வளவுக் கட்டடமும் நான்கு ஆண்டுக் கணக்கும்: லண்டன் வீடொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்தப் பதிவு வெளி லண்டனில் வசிக்கும் ஓர் ஈழத்தமிழ்க் குடும்பத்தின் வீட்டைப் பற்றியது. உள்ளூராட்சி சபையான கவுன்சிலின் பிளானிங் அனுமதி இல்லாமல் அந்த வீட்டில் இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று தப்பியது, மற்றது பாதி தப்பியது. குடும்பத்தவரின் சம்மதத்துடன், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் கவுன்சிலின் பெயரையும் தவிர்த்து எழுதுகிறேன். வீடுகளுக்கு வரைபடம் தயாரித்துக் கவுன்சிலுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது என் தொழில். 2023 நவம்பரில், உடைக்கப்படாத இரண்டு கடிதங்களுடனும் உடைக்கப்பட்ட ஒரு கடிதத்துடனும் அவர்கள் என்னிடம் வந்தார்கள்.

வீடு 1930களில் கட்டப்பட்டது. இருபுறமும் வீடுகள் ஒட்டி நிற்கும் நிரை வீடு, பின்வளவு நீளமானது, அதன் முடிவில் குப்பைத் தொட்டிகளும் பழைய கராஜுகளும் நிற்கும் ஒடுங்கிய ஒழுங்கை. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள், தகப்பனின் தாயார் என ஐந்து பேர். வீட்டை 2014இல் வாங்கியிருந்தார்கள்.

இங்கிலாந்தில் வீட்டை மாற்றிக் கட்ட ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. குறித்த அளவுக்குள் நிற்கும் வேலைகளுக்கு 2015ஆம் ஆண்டுப் பொது அனுமதிக் கட்டளையே முன்கூட்டி அனுமதி வழங்கியிருக்கிறது. ஆனால் அந்த அனுமதி எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இல்லை. உள்ளூர்க் கவுன்சில் ஆர்ட்டிக்கிள் 4 என்ற பணிப்பின் மூலம் ஒரு தெருவிலிருந்தோ ஒரு பகுதியிலிருந்தோ அதை எடுத்துவிடலாம். மரபுப் பாதுகாப்பு வலயங்களில் சில சலுகைகள் கிடையா. பிளாட்டுகளுக்கும், தனி வாசலுள்ள பிளாட்டுகளான மேசொனெட்டுகளுக்கும் எக்ஸ்டென்ஷன், பின்வளவுக் கட்டடம் போன்றவற்றுக்கான இந்த அனுமதி அடியோடு இல்லை. கீழ்மாடி மேசொனெட்டை வாங்கிவிட்டு "எங்கட வளவுதானே" என்று கட்டத் தொடங்கியவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஆகவே நான் முதலில் பார்த்தது கவுன்சிலின் வரைபடத்தை. பக்கத்துத் தெரு பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. இவர்களுடைய தெரு அதற்கு வெளியே. ஆர்ட்டிக்கிள் 4 பணிப்பும் இவர்களுடைய வேலைகளைத் தொடவில்லை.

2018: பின்புற எக்ஸ்டென்ஷன்

குசினியைப் பெருப்பிப்பதற்காக 2018இல் பின்புறம் ஒருமாடி எக்ஸ்டென்ஷன் கட்டினார்கள். ஆழம் 4.5 மீற்றர். ஒட்டிய வீடுகளுக்குப் பொது அனுமதி தரும் ஆழம் 3 மீற்றர். அதற்கு மேல் 6 மீற்றர் வரை போவதற்கும் ஒரு வழி இருந்தது: கட்டத் தொடங்கும் முன் கவுன்சிலுக்கு அறிவித்தால், கவுன்சில் அயலவரிடம் அபிப்பிராயம் கேட்கும், 42 நாட்களுக்குள் பதில் சொல்லும். அந்த ஆண்டில் இதற்குக் கட்டணம்கூட இருக்கவில்லை. 2019 ஓகஸ்டில்தான் 96 பவுண் என்று வந்தது. கட்டி முடித்த பின் இந்த வழி மூடிவிடும்.

அவர்கள் அறிவிக்கவில்லை. ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவின் அதிகாரி அத்திவாரம் தோண்டிய நாளிலிருந்து நான்கு தடவை வந்து பார்த்து, 2018 நவம்பரில் நிறைவுச் சான்றிதழ் கொடுத்திருந்தார். அதே கவுன்சில், அதே சின்னம், அதே முகவரி. "கவுன்சில் வந்து பார்த்து சேட்டிபிக்கேற் தந்ததுதானே" என்று தகப்பன் என் மேசையில் அந்தத் தாளை வைத்தபோது அவர் உண்மையாகவே நம்பித்தான் சொன்னார். கட்டடக் கட்டுப்பாடு பார்ப்பது சுவர் நிற்குமா, தீ பரவுமா, வெப்பம் தங்குமா என்பதை. அந்தச் சுவர் அங்கே நிற்கலாமா என்பது பிளானிங் பிரிவின் கேள்வி. இரண்டும் தனித்தனிச் சட்டங்கள். ஒன்றின் சான்றிதழ் மற்றதற்குச் செல்லாது.

2020: பின்வளவில் எழுந்த அறை

2020 கோடையில், வீட்டிலிருந்தே வேலை செய்ய இடம் வேண்டும் என்று வளவின் முடிவில் 6 மீற்றர் நீளமும் 4.5 மீற்றர் அகலமுமான தட்டைக் கூரைக் கட்டடத்தை எழுப்பினார்கள். கொங்கிரீட் கல், உள்ளே பூச்சு, இரட்டைக் கண்ணாடி யன்னல். ஓகஸ்ட் முடிவில் வேலை முடிந்தது. எல்லை மதிலிலிருந்து தூரம் 40 சென்ரிமீற்றர். எல்லையிலிருந்து 2 மீற்றருக்குள் நிற்கும் இத்தகைய கட்டடம் 2.5 மீற்றருக்கு மேல் உயரக் கூடாது, இது உயர்ந்திருந்தது.

2021 ஏப்ரலில் அந்த அறைக்கு ஒரு ஷவரும் இரட்டை அடுப்புடன் சின்னக் குசினியும் வந்தன. மாதம் 950 பவுணுக்கு வாடகைக்கு விட்டார்கள். முதலில் இருந்தவர் 2022 கோடையில் போனார். நான்கு மாதம் வெறுமையாகக் கிடந்தது. பிறகு படிக்க வந்த ஓர் இளம் தம்பதி குடியேறியது. கவுன்சில் வரி ஒரே வீடாகவே கட்டப்பட்டது. குடியிருந்தவர்களின் தபால் முன்வீட்டுக்கு வந்தது; போக்குவரத்து பின் ஒழுங்கையால்.

கட்டியவர் அப்போது சொன்ன வசனத்தைக் குடும்பத்தில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தார்கள்: "நாலு வருசம் சத்தம் போடாமல் இருந்தால் காணும் அண்ணை, பிறகு ஒருத்தரும் கை வைக்கேலாது." முழுப் பொய்யும் இல்லை என்பதே இந்த வசனத்தின் ஆபத்து. கட்டி முடித்து நான்கு ஆண்டு கடந்த கட்டடத்தின் மீதும், நான்கு ஆண்டு தொடர்ந்து தனி வீடாகப் பயன்பட்ட இடத்தின் மீதும் அன்றைய சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியாது. ஆனால் இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள், வெவ்வேறு நாளில் தொடங்குபவை. கட்டியவர் ஒன்றைத்தான் சொன்னார். குடும்பம் அதை இரண்டுக்கும் எடுத்துக்கொண்டது.

முறைப்பாடு

2023 ஓகஸ்டில் பக்கத்து வளவில் நாற்றம் எழுந்தது. பின்வளவு அறையின் கழிவுக் குழாய், கழிவுநீர்க் குழாயில் சேராமல் மழைநீர் போகும் குழாயில் பொருத்தப்பட்டிருந்தது. வெளி லண்டனில் இவை இரண்டும் வேறு வேறு. மழைநீர்க் குழாய் சுத்திகரிப்புக்குப் போகாது, அருகிலுள்ள ஓடையில் திறக்கும். குழாய் அடைத்ததும் பக்கத்து வீட்டு மூதாட்டியின் ரோஜாப் பாத்திக்கருகே அழுக்கு நீர் பொங்கியது. அவர் இரண்டு தடவை வந்து சொன்னார். குழாயை மாற்றித் தருவதாகக் குடும்பம் சொல்லி, ஒரு மாதம் கடத்தியது. செப்ரெம்பரில் அவர் கவுன்சிலுக்கு எழுதினார். அவர் முறையிட்டது நாற்றத்தைப் பற்றி மட்டுமே. அந்த அறையில் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்பதைக் கழிவுநீரைப் பார்க்க வந்தவர்தான் குறித்துக்கொண்டு பிளானிங் அமலாக்கப் பிரிவுக்கு அனுப்பினார்.

ஒக்டோபரில் வந்த முதல் இரண்டு கடிதங்களும் தபால் குவியலில் கிடந்தன. வீட்டில் ஆங்கிலக் கடிதம் வாசிப்பது மூத்த மகனின் வேலை. அவர் அந்த மாதம்தான் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். மூன்றாவது வந்தது திட்டமிடல் மீறல் விசாரணை அறிவித்தல். அதற்கு 21 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்லாவிட்டால் அதுவே குற்றம்; பொய்யாகப் பதில் சொன்னாலும் குற்றம்.

முன்னால் இருந்த வழிகளும் எடுத்த முடிவுகளும்

என்னிடம் வந்தபோது பதிலுக்கு ஒன்பது நாள் மிச்சம் இருந்தது. குடும்பத்தின் முதல் யோசனை, தம்பதியைச் சொந்தக்காரர் என்று சொல்லிவிடுவது. இரண்டாவது, அதிகாரி வருவதற்கு முன் கட்டிலையும் அடுப்பையும் கராஜுக்கு மாற்றுவது. குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைய அதிகாரி 24 மணி நேரம் முன்கூட்டி அறிவிக்க வேண்டும் என்பதை யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்றாவது கொஞ்சம் நுணுக்கமானது: கட்டடத்துக்கு 2024 ஓகஸ்டில் நான்கு ஆண்டு நிறைவாகும், அதுவரை ஒன்பது மாதம் இழுத்தடிப்போம்.

மூன்றையும் நான் மறுத்தேன். முதல் இரண்டும் பொய். அவற்றை எழுதித் தந்தால் நான் இந்த வேலையிலிருந்து விலகுவேன் என்று சொன்னேன். மூன்றாவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இழுத்தடிப்பது நம் கையில் இல்லை. மீறலைச் சரிசெய்யும்படி கவுன்சில் கட்டளையிடும் அமலாக்க அறிவித்தலை வெளியிட்டுச் சேர்ப்பித்தாலே கணக்கு நின்றுவிடும், அதற்கு அதிகாரிக்கு நம் பதில்கூடத் தேவையில்லை. வதிவிடப் பயன்பாடு 2021 ஏப்ரலில்தான் தொடங்கியது, அதுவும் இடையில் நான்கு மாதம் அறுந்திருந்தது. அதற்கும் மேலாக, மறைத்து வைத்தவருக்குக் காலக்கெடு பாதுகாப்புத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஹேர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒருவர் வைக்கோல் கொட்டிலுக்கு அனுமதி வாங்கி, வெளியே கொட்டிலாகவும் உள்ளே முழு வீடாகவும் கட்டி, நான்கு ஆண்டு வாழ்ந்துவிட்டு, அது சட்டப்படி நிற்கலாம் என்று உறுதிசெய்யும் சட்டபூர்வச் சான்றிதழைக் கேட்ட வழக்கு அது. சரேயில் இன்னொருவர் வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் கோட்டைபோல் ஒரு வீட்டைக் கட்டி 2006இல் திரையை விலக்கினார். 2016இல் அதை அவரே இடிக்க நேர்ந்தது. ஒரே வீடென்று வரி கட்டியதும் பின் ஒழுங்கையால் போய்வந்ததும் அந்த அளவுக்குக் கனமானவை அல்ல. ஆனாலும் கட்டிலை ஒளித்துவைத்துப் பிடிபட்டிருந்தால், கனம் கூடியிருக்கும்.

உள்ளதை உள்ளபடி எழுதினோம். வாடகைத் தொகை, தொடங்கிய மாதம், இடைவெளி எல்லாம். அதே பதிலில் எக்ஸ்டென்ஷனைப் பற்றியும் சொன்னோம். கேட்கப்படாததை ஏன் சொல்ல வேண்டும் என்று தாய் கேட்டார். வளவுக்குள் வரும் அதிகாரிக்கு 4.5 மீற்றர் தெரியாமல் போகாது. அவர் கேட்டுச் சொல்வதைவிட, நான்கு ஆண்டுக் கெடு கடந்துவிட்டது என்பதற்கான சான்றுடன் நாங்களே வைப்பது நல்லது என்பது என் கணிப்பு.

அளவெடுப்பு

டிசம்பரில் அதிகாரி வந்தார். கையில் லேசர் அளவுகோல். பின்வளவு அறையின் மூலையில் அதை நிலத்தில் வைத்து, கூரை விளிம்புக்கு மேலே ஒரு பலகையைப் பிடிக்கச் சொன்னார். 2.85 மீற்றர். குறிப்பேட்டில் எழுதினார். உள்ளே படுக்கை, சுவரோடு ஒட்டிய மேசை, அடுப்புக்கு மேலே ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு, காய்ந்துகொண்டிருந்த உடுப்புகள் எல்லாவற்றையும் படம் பிடித்தார். புகை எச்சரிக்கைக் கருவி இல்லாததைத் தம்பதியிடமே சுட்டிக்காட்டினார். 15 முதல் 30 சதுர மீற்றர் வரையான இத்தகைய கட்டடங்களுக்குக் கட்டடக் கட்டுப்பாட்டிலிருந்து கிடைக்கும் விலக்கு, அதில் ஆட்கள் படுத்துறங்கினால் கிடைக்காது என்பது அன்றுதான் குடும்பத்துக்குத் தெரிந்தது.

அந்த 2.85 என்ற எண்ணை நான் அன்று கேள்வி கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்து, வரைபடம் போடுவதற்காக நானே அளந்தபோதுதான் வளவு சரிவானது என்பது உறைத்தது. பொது அனுமதிக் கட்டளையின்படி, நிலம் மட்டமில்லாவிட்டால் கட்டடத்தை ஒட்டிய நிலத்தின் மிக உயர்ந்த இடத்திலிருந்தே உயரத்தை எடுக்க வேண்டும். அதிகாரி அளந்தது தாழ்ந்த மூலையில். வீட்டுப் பக்கத்து மூலையில், யாரும் மண் நிரப்பாத இயற்கை நிலத்திலிருந்து, உயரம் 2.67 மீற்றர்.

இந்த 18 சென்ரிமீற்றரில்தான் கட்டடத்தின் கதி இருந்தது. 35 சென்ரிமீற்றர் இறக்குவதென்றால் யன்னல் மேல்விட்டத்தையே உடைக்க வேண்டும். அதைவிட இடிப்பது மலிவு. 17 சென்ரிமீற்றர் என்றால் ஒரு வரிசைக் கல்லை எடுத்தால் போதும்: கல் 21.5, சாந்து 1, மொத்தம் 22.5. கூரை 2.445 மீற்றரில் வந்து உட்காரும்.

அமலாக்க அறிவித்தல்

2024 ஜனவரியில் அறிவித்தல் வந்தது. வதிவிடப் பயன்பாட்டை நிறுத்த வேண்டும்; குசினியையும் ஷவரையும் அகற்ற வேண்டும்; கட்டடத்தை இடிக்க வேண்டும், அல்லது 2.5 மீற்றருக்கு மேற்படாமல் இறக்க வேண்டும். பெப்ரவரி முடிவில் நடைமுறைக்கு வரும். அதிலிருந்து ஆறு மாதம் அவகாசம். எக்ஸ்டென்ஷனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மேன்முறையீடு செய்திருக்கலாம். அது முடியும் வரை அறிவித்தல் நிறுத்திவைக்கப்படும். பல மாதங்கள், சில வேளை ஓராண்டுக்கு மேலும் போகும். அதுவரை வாடகை வரும் என்று உறவினர் ஒருவர் கணக்குப் போட்டுக் காட்டினார். ஆனால் அனுமதி தரப்பட வேண்டும் என்று வாதாடுவதற்கு விண்ணப்பக் கட்டணத்தின் இரு மடங்கு கட்ட வேண்டும். அப்போதைய கணக்கில் 1,156 பவுண். வாதாட என்ன இருந்தது? ஒருவர் வாழும் மிகச் சிறிய வீட்டுக்கே தேசிய அளவுகோல் 37 சதுர மீற்றர் கேட்கிறது. இதன் வெளி அளவே 27. அங்கே இருவர் வாழ்ந்தார்கள்.

அறிவித்தலின் அவகாசம் முடிந்தும் வாடகைக்கு விட்டால் நிலைமை வேறு. அது குற்றவியல் வழக்கு. அபராதத்துக்கு மேல்வரம்பு இல்லை. குற்றத்தால் ஈட்டிய பணத்தைப் பறிக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாடகையையும் கவுன்சில் கோரலாம். லண்டன் கவுன்சில்கள் அதைச் செய்துவருகின்றன. மேன்முறையீடு செய்யாமல் அறிவித்தலுக்கு இணங்குவது என்று பெப்ரவரி முதல் கிழமையில் முடிவெடுத்தோம். உயர அளவு பற்றிய என் வரைபடத்தை அதிகாரிக்கு அனுப்பினேன். அவர் மீண்டும் வந்து அளந்து, உயர்ந்த மூலையிலிருந்தே கணிப்பதாக எழுத்தில் உறுதிப்படுத்தினார்.

குடியிருந்தவர்கள்

இந்த இடத்தில் நாங்கள் தடுமாறினோம். அறையை வெறுமையாக்க அன்றைய சட்டப்படி இரண்டு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டியிருந்தது. அதை எழுதப் போனபோது, தம்பதி கொடுத்த வைப்புப் பணம் எந்தப் பாதுகாப்புத் திட்டத்திலும் வைக்கப்படவில்லை என்பது தெரிந்தது. அது தகப்பனின் வங்கிக் கணக்கில் கலந்து கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்காமல், காரணம் காட்டாத அந்த அறிவித்தல் அன்று செல்லாது. குடியிருந்தவர் வழக்குப் போட்டால் வைப்புப் பணத்தின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரை தண்டம் வரும்.

பணத்தை முழுமையாகத் திருப்பிக் கொடுத்து, நடந்ததை அவர்களுக்கு விளக்கி, கடைசி மாத வாடகையைத் தள்ளுபடி செய்தார்கள். தகப்பனின் நண்பர் வீட்டில் முறையான அறையொன்று கிடைத்தது. ஏப்ரல் நடுவில் அவர்கள் போனார்கள். வழக்குப் போடவில்லை. போட்டிருந்தால் நியாயம் அவர்கள் பக்கம்.

பின் நடந்தவை

எக்ஸ்டென்ஷனுக்குச் சட்டபூர்வச் சான்றிதழ் கேட்டு 2024 பெப்ரவரியில் விண்ணப்பித்தோம். கட்டணம் 258 பவுண். 2018 நவம்பர் நிறைவுச் சான்றிதழ், கட்டியவரின் பற்றுச்சீட்டுகள், அந்த ஆண்டு நத்தாருக்குப் புதுக் குசினியில் எடுத்த குடும்பப் படம், இடைப்பட்ட ஆண்டுகளின் வான்வழிப் படங்கள் ஆகியவற்றை இணைத்தோம். ஏப்ரலில் சான்றிதழ் வந்தது. 2018இல் அவர்களைத் தவறாக நம்பவைத்த அதே தாள்தான் இதில் முதற்சான்று.

கழிவுக் குழாய் மார்ச்சில் திருத்தப்பட்டது. குசினியும் ஷவரும் மே மாதத்தில் போயின; கழிப்பிடத்தையும் கைகழுவும் தொட்டியையும் வைத்திருக்க அதிகாரி உடன்பட்டார். யூலையில் கூரையைக் கழற்றி, ஒரு வரிசைக் கல்லை எடுத்து, மீண்டும் கூரை போட்டார்கள். செலவு 5,800 பவுண். ஓகஸ்டில் அதிகாரி வந்து 2.44 என்று எழுதிக்கொண்டு போனார். இணங்கியதாகக் கடிதம் செப்ரெம்பரில் வந்தது.

இணங்கியதால் அறிவித்தல் மறைந்துவிடவில்லை. அது நிலத்தோடு கிடக்கும். நாளை அந்த அறையில் மீண்டும் யாரையாவது குடிவைத்தால் புதிய அறிவித்தல் இல்லாமலே வழக்குப் போடலாம். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் சட்டத்தரணி பதிவேட்டில் அதைக் காண்பார். 2025இல் மோட்கேஜ் மாற்றப் போனபோது வங்கி கேட்ட முதற்கேள்வியே அதுதான். இணங்கிய கடிதமும் சட்டபூர்வச் சான்றிதழும் இருந்ததால் மூன்று கிழமைத் தாமதத்துடன் காரியம் முடிந்தது. அறையில் இப்போது பாட்டியின் தையல் மெசினும் ஒரு டீப் பிரீசரும் இருக்கின்றன.

மாற்றிச் செய்யக்கூடியவை

கட்டியவர் சொன்ன நான்கு ஆண்டுக் கணக்கு இன்று இன்னும் பழுதானது. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் எல்லா மீறல்களுக்கும் காலக்கெடு பத்து ஆண்டு. அந்தத் திகதிக்கு முன் கட்டி முடித்தவற்றுக்கும் பயன்பாடு மாற்றியவற்றுக்கும் மட்டுமே பழைய நான்கு செல்லும். பழைய கணக்கைச் சொல்லிக் கட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

குடும்பம் மாற்றியிருக்கக் கூடியவை சில. 2018இல் ஒரு கடிதம். 2020இல், கட்டுவதற்கு முன் அரைக் கட்டணத்தில் சட்டபூர்வச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தால் உயரப் பிழை வரைபடத்திலேயே பிடிபட்டிருக்கும். 2023 ஓகஸ்டில் அந்த மூதாட்டி முதல் தடவை வந்தபோதே குழாய்காரனை அழைத்திருந்தால் முறைப்பாடே போயிருக்காது. ஆனால் அறையில் இருவர் தீ எச்சரிக்கையில்லாமல் உறங்கிக்கொண்டே இருந்திருப்பார்கள், அதனால் இதை நான் வருத்தத்துடன் சொல்லவில்லை.

என் பக்கத்துப் பிழைகள் இரண்டு. வைப்புப் பணத்தைப் பற்றி முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கேட்காததால் இரண்டு மாதம் வீணானது. மற்றது பெரியது. உயரத்தை எங்கிருந்து கணிப்பது என்பதை அதிகாரி எழுத்தில் உறுதி செய்தது அறிவித்தல் நடைமுறைக்கு வந்து ஆறு நாள் கழித்து. நடைமுறைக்கு வந்த பின் மேன்முறையீடு செய்ய முடியாது. அவர் மறுத்திருந்தால், 2.85இலிருந்து இறக்க முடியாமல் கட்டடம் முழுவதையும் இடிக்க நேர்ந்திருக்கும். எங்களிடம் வேறு வழி இருந்திருக்காது. இப்போது இத்தகைய அறிவித்தல் வந்தால், கோரப்படும் நடவடிக்கை அளவுக்கு மீறியது என்ற காரணத்தை மட்டும் காட்டிக் காலக்கெடுவுக்கு முன் மேன்முறையீட்டைப் பதிந்துவிடுகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை. அதிகாரியின் கடிதம் கைக்கு வந்ததும் திரும்பப் பெறுகிறேன்.